சுவரில் எழுதிய கணக்கு

பொதுப் பணத்தில் செய்யப்பட்ட எந்த வேலைக்கும் மூன்று கேள்விகளுக்கு விடை ஏட்டில் இருத்தல் வேண்டும். என்ன செய்யப்பட்டது? யார் செய்தார்? அது இன்று எங்கே, எந்நிலையில் இருக்கிறது? நூல் சிப்பத்துக்கும் உர மூட்டைக்கும் இக்கேள்விகளைக் கேட்பதில் நம் சங்கங்கள் பழகியவை. சுவரில் தீட்டிய சித்திரத்துக்கும் இவற்றைக் கேட்க வேண்டும் என்று சொன்னால், பலர் புன்னகைத்துவிட்டுப் போவார்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் ஒரு காலத்தில் அவ்வாறே இருந்தார்கள். அதனால் அங்கே நேர்ந்த நஷ்டம் சிறிதன்று.

1930-களின் பெருமந்த காலத்தில் அந்நாட்டு அரசாங்கம் அஞ்சலகங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள், விமான நிலையங்கள் முதலிய பொதுக் கட்டடங்களின் சுவர்களில் ஆயிரக்கணக்கான ஓவியங்களைத் தீட்டுவித்தது. பின்னர் அவற்றுள் பலவற்றை மறந்தது, சிலவற்றின்மேல் வெள்ளையடித்தது, சிலவற்றைத் தொலைத்தே விட்டது. எஞ்சியவற்றைத் தேடிப் பதிவு செய்யும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை. கடல் கடந்த நாட்டுச் சுவர்களைப் பற்றி நெசவாளருக்கும் விவசாயிக்கும் என்ன பேச்சு என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். அச்சுவர்களில் இடம்பெற்றவர்களில் பலர் பருத்தி பறிப்போரும், தையல் தொழிலாளரும், உழவரும் ஆவர். அவற்றுள் ஒரு சுவர் ஒரு கூட்டுறவு ஊருடையது. ஆகவே, இது நம்மவர் பேச்சே.

கூலிக்குத் தீட்டிய ஓவியம்

1929-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1933-க்குள் அந்நாட்டு உழைப்பாளரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. 1929-ல் பவுண்டுக்கு 16 சென்ட்டுக்கு மேல் விலை போன பருத்தி, 1931-32-ல் 6 சென்ட் அளவுக்கு வீழ்ந்தது. பயிரிட்டவனும் கெட்டான், நெய்தவனும் கெட்டான். வாங்குவோர் இல்லாதபோது ஓவியன் மட்டும் எவ்வாறு பிழைப்பான்?

1933-ல் பதவியேற்ற குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்டுக்கு, அவருடன் பள்ளியில் படித்த ஓவியர் ஜார்ஜ் பிடில் ஒரு கடிதம் எழுதினார். மெக்ஸிகோ அரசாங்கம் 1920-களில் தன் ஓவியர்களுக்குச் சாதாரணத் தொழிலாளர் கூலி கொடுத்துப் பொதுச் சுவர்களில் நாட்டு வரலாற்றைத் தீட்டுவித்ததை அவர் எடுத்துக் காட்டினார். அவ்வாண்டு டிசம்பரில் பொதுக் கலைப்பணித் திட்டம் தொடங்கிற்று. 1934 ஜூன் வரை நடந்த அத்திட்டத்தில் சுமார் 3,700 கலைஞர்கள் 15,000-க்கும் மேற்பட்ட படைப்புகளைச் செய்தனர். சான் பிரான்ஸிஸ்கோ நகரில் கோய்ட் கோபுரத்தின் உட்சுவர் ஓவியங்கள் அப்போது தோன்றியவையே.

அதன் பின்னர் இருவேறு வழிகள் வகுக்கப்பட்டன. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவது இன்றும் நடக்கும் பிழை. ஆதலின் சற்று விரித்துரைப்பது நலம்.

ஒன்று, 1935-ல் தொடங்கிய வேலை முன்னேற்ற நிர்வாகத்தின் கலைத் திட்டம். இது நிவாரணம். வறுமையில் இருப்பவர் என்று சான்று பெற்ற கலைஞருக்கு வாரக் கூலி தரப்பட்டது. நியூயார்க் நகரில் அது வாரத்துக்கு 24 டாலருக்குச் சற்றுக் குறைவு. வேலை நேரத்தைக் குறித்துக்கொள்ளக் கணக்கர்களும் இருந்தனர். அதாவது ஓவியனுக்கும் வருகைப் பதிவேடு. ஓவியரும் மற்றவரைப் போல் உண்ண வேண்டியவரே என்பது நிவாரணப் பொறுப்பாளர் ஹாரி ஹாப்கின்ஸ் சொன்ன சமாதானம். இத்திட்டத்தில் 2,500-க்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் எழுந்தன.

மற்றொன்று, 1934-ல் நிதி இலாகாவில் எட்வர்ட் புரூஸ் தலைமையில் ஏற்பட்ட ஓவிய சிற்பப் பிரிவு. இது நிவாரணமன்று, ஒப்பந்தம். புதிய அரசாங்கக் கட்டடத்தின் செலவில் நூற்றில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்குவது இதன் கொள்கை. பெயர் மறைத்த போட்டிகளில் ஓவியர்கள் மாதிரி வரைந்து அனுப்பினர். தேர்வு பெற்றவர் முதலில் சிறு வண்ண மாதிரியையும், பின்னர் சுவரளவுக் கோட்டுப் படத்தையும், இறுதியில் ஓவியத்தையும் ஒப்படைக்க, பணம் தவணை தவணையாக வந்தது. கட்டந்தோறும் புகைப்படம் அனுப்ப வேண்டும். ஓவியம் சுவரில் ஒழுங்காகப் பொருத்தப்பட்டது என்று அவ்வூர் அஞ்சலதிபர் எழுதித் தர வேண்டும். சிறு ஊர்களில் பல ஓவியங்களுக்கு மொத்தத் தொகை சில நூறு டாலரே. வண்ணமும் துணியும் பிரயாணமும் அதற்குள் அடங்கும். நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் இவ்வாறு ஓவியம் பெற்றன. டெக்ஸாஸ் மாநிலத்து லிண்டன் என்னும் ஊரின் அஞ்சலகத்தில் விக்டர் அர்னாட்டாஃப் 1939-ல் தீட்டியது பருத்தி பறிக்கும் காட்சி. கடிதம் வாங்க வந்த குடியானவன் தலை நிமிர்ந்தால் தன் வேலையையே சுவரில் கண்டான்.

பஞ்ச காலத்தில் படம் எதற்கு என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தனர். பத்திரிகைகள் இதை வீண் வேலை என்று எள்ளின. கணக்கைப் பார்த்தால் அக்குற்றச்சாட்டு நில்லாது. செலவானது பெரும்பாலும் கூலி. அக்கூலி ஓவியன் வீட்டு அடுப்புக்குப் போயிற்று. மக்கள் கையில் சொத்து எஞ்சியது. நம் நெசவாளர் சங்கங்களும் தேக்க காலத்தில் தறி நில்லாமலிருக்க வேலை கொடுத்து, சரக்கை இருப்பில் வைப்பதில்லையா? குறை வேலை கொடுத்ததில் இல்லை. இருப்பில் வைத்ததை ஒழுங்காக எழுதாததில் இருந்தது.

இருப்பேட்டில் இல்லாத சொத்து

1943-ல் போர்க்காலத்து வேலைப் பெருக்கத்தால் நிவாரணத் திட்டங்கள் முடிவுற்றன. அலுவலகங்களைக் கலைக்கும் அவசரத்தில், நியூயார்க்கில் ஒரு கிடங்கில் கிடந்த துணி ஓவியங்கள் பவுண்டு 4 சென்ட் வீதம் எடை போட்டுப் பழைய சாமான் வியாபாரிக்கு விற்கப்பட்டன. குழாய்களுக்கு உறை சுற்ற ஓவியத்துணி பயன்பட்டதாம். எவருடைய கையெழுத்து, எத்தனை மாத உழைப்பு என்று எவரும் பார்க்கவில்லை. தராசு ஒன்றே கணக்காயிற்று.

சுவரில் இருந்தவற்றின் கதி வேறு. நியூஆர்க் விமான நிலையத்தில் அர்ஷில் கார்க்கி 1936-37-ல் செய்த பத்துப் பெரிய பலகங்கள், கட்டடத்தின் பயன் மாறியபோது வண்ணப் பூச்சுக்குள் மறைந்தன. கார்க்கியோ பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஓவியர். 1970-களில் தேடியபோது பதினான்கு பூச்சுகளுக்கு அடியில் இரண்டு மட்டும் கிடைத்தன, எட்டு போயின. நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் ஜேம்ஸ் புரூக்ஸ் தீட்டிய 235 அடி நீளமுள்ள ஓவியமும் 1950-களில் பூச்சுக்கு இரையாயிற்று. நல்வாய்ப்பாக, அதன் வரலாறு தெரிந்த ஒருவர் முன்னின்று முயல, 1980-ல் அது மீண்டது.

இவ்விரண்டையும் ஒப்பிடும்போது ஓர் உண்மை புலனாகும். ஓவியங்களை அழித்தவர்களில் பலர் கொடியவர்கள் அல்லர். அச்சுவரில் என்ன இருக்கிறது, அது யாருடையது என்று அவர்கள் கைக்கு எந்த ஏடும் வரவில்லை. நிலையத்துக்குப் புதிதாக வந்த மேலாளர் கண்டது மங்கிய சுவர். செய்தது சுண்ணாம்பு அடித்தல். பதிவு இருந்த இடத்தில் மீட்சிக்கு வழி இருந்தது. நிதி இலாகாப் பிரிவு தவணைக்குத் தவணை கேட்டு வாங்கிய அந்தப் புகைப்படங்களும் அஞ்சலதிபர் கடிதங்களும் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பணம் பட்டுவாடா செய்வதற்காக எழுதிய காகிதம், நாற்பது ஆண்டுக்குப் பின் வரலாறாயிற்று. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பார்கள். எழுதாச் சொத்துக்கும் அதுவே விதி.

தேடிப் பதிவு செய்யும் வேலை 1960-களில் வலுப்பெற்றது. 1954-ல் தோன்றிய அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகம், 1963 முதல் 1965 வரை, அத்திட்டங்களில் பணி செய்த ஓவியர்களையும் அதிகாரிகளையும் நூற்றுக்கணக்கில் சந்தித்து அவர்கள் பேச்சை ஒலிநாடாவில் பதிந்தது. வேலை செய்தவர் முதுமையடைந்து கொண்டிருந்தனர். இன்னும் பத்தாண்டு தாமதித்திருந்தால் பல வாய்கள் மூடியிருக்கும். பின்னர் பேராசிரியர்கள் ஊர் ஊராகச் சென்று அஞ்சலக ஓவியங்களை ஆராய்ந்து நூல் எழுதினர். அத்திட்டங்களில் உருவான பல படைப்புகள் எவர் கையில் இருந்தாலும் இன்றும் அரசாங்கச் சொத்தே என்று பொதுச் சேவை நிர்வாகம் அறிவித்துப் பட்டியல் தயாரித்து வருகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஒரு முயற்சியில், தொண்டர்கள் தத்தம் ஊரில் அக்காலத்துப் பொதுப்பணி எது எஞ்சியிருந்தாலும் இடம் குறித்துப் படமெடுத்து அனுப்புகின்றனர். இவ்வாறு பதிவானவை பத்தாயிரத்துக்கும் மேல்.

ஒரு கூட்டுறவு ஊரின் சுவர்

இப்பத்திரிகையை வாசிப்போர் அறிய வேண்டிய சுவர் ஒன்று உண்டு. அது நியூஜெர்ஸி மாநிலத்தில், அன்று ஜெர்ஸி ஹோம்ஸ்டெட்ஸ் என்றும் இன்று ரூஸ்வெல்ட் என்றும் வழங்கும் சிற்றூரின் பள்ளியில் உள்ளது.

நியூயார்க்கின் நெரிசலான தையற்கூடங்களில் உழன்ற யூதத் தொழிலாளர் குடும்பங்களை நாட்டுப்புறத்தில் குடியமர்த்த அரசாங்கம் இவ்வூரை அமைத்தது. திட்டமிட்ட வீடுகள் 200. சேரும் குடும்பம் ஒவ்வொன்றும் 500 டாலர் பங்கு கட்ட வேண்டும். மந்த காலத்தில் தொழிலாளிக்கு அது அரும்பாடுபட்டுச் சேர்த்த பணம். ஆடைத் தொழிற்சாலை, பண்ணை, பண்டகசாலை மூன்றும் கூட்டுறவில் நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பருவம் உள்ள மாதங்களில் தையல், மற்ற மாதங்களில் விவசாயம் என்று கணக்கிட்டனர். விஞ்ஞானி ஐன்ஸ்டீன் இத்திட்டத்துக்கு ஆதரவளித்தார். 1936-ல் குடும்பங்கள் வந்தன, தொழிற்சாலையும் திறந்தது.

அங்கே பென் ஷான் என்னும் ஓவியர், 1937-38-ல், பெர்னார்டா பிரைசனின் துணையுடன் 45 அடி நீளமும் 12 அடி உயரமும் உள்ள ஓவியம் ஒன்றைத் தீட்டினார். அஞ்சலகங்களில் பெரும்பாலும் துணியில் தீட்டிச் சுவரில் ஒட்டினர். ஷான் செய்தது ஈரச் சுண்ணப் பூச்சின்மேல் நீர் வண்ணம் தீட்டும் முறை. பூச்சு காயுமுன் வண்ணம் ஏற வேண்டும். ஆதலால் அன்றன்று முடிக்கக்கூடிய அளவே பூச வேண்டும். காய்ந்தபின் வண்ணம் சுண்ணத்தோடு ஒன்றிவிடும். பாவுக்குப் போட்ட சாயம் போல, பிரித்தெடுக்க இயலாது.

அவ்வோவியத்தின் ஒரு கோடியில் கப்பலிலிருந்து இறங்கி வரும் அகதிகள், அவர்களிடையே ஐன்ஸ்டீன். அடுத்து, இருண்ட கூடங்களில் குனிந்து தைக்கும் தொழிலாளர். நடுவே சங்கம் சேர்ப்பவரின் சொற்பொழிவு. மறுகோடியில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து புதிய ஊரின் வரைபடத்தை விரித்துப் பார்க்கும் குழுவினர். பின்சுவரில் ரூஸ்வெல்டின் படம். துன்பத்தில் தொடங்கித் திட்டத்தில் முடிகிறது.

கூட்டுறவாளர் கவனிக்க வேண்டியது அந்த முடிவையே. ஓவியம் வரைபடத்தோடு நின்றது. வாழ்க்கை அதோடு நிற்கவில்லை. கட்டட வேலை தாமதப்பட்டது. தொழிற்சாலை நகரத்தை விட்டு ஓடுகிறது என்று ஆடைத் தொழிலாளர் சங்கமே முதலில் ஐயுற்று எதிர்த்தது. உற்பத்திக்கு ஏற்ற விற்பனை இல்லை. தையற்காரர் எல்லோரும் உழவராக முன்வரவில்லை. சில ஆண்டுகளுக்குள் தொழிற்சாலைக் கூட்டுறவு நஷ்டத்தில் மூடிற்று, பண்ணையும் நிலைக்கவில்லை. ஊர் மட்டும் நிலைத்தது. தலைவர் மறைந்த 1945-ல் அது அவர் பெயரை ஏற்றது. ஷான் அவ்வூரிலேயே குடியிருந்து 1969-ல் மறைந்தார்.

ஓவியத்தை மட்டும் பார்ப்பவன், அச்சங்கம் வெற்றி பெற்றது என்று எண்ணுவான். ஐந்தொகையை மட்டும் பார்ப்பவன், அது வீண் முயற்சி என்று எழுதிவிடுவான். இரண்டும் அரைக் கணக்கு. 500 டாலர் பங்கு கட்டியவர் எந்த நம்பிக்கையில் கட்டினார் என்பதை லாப நஷ்டக் கணக்கு சொல்லாது, சுவர் சொல்கிறது. அந்த நம்பிக்கை ஏன் நிறைவேறவில்லை என்பதைச் சுவர் சொல்லாது; ஏடு சொல்கிறது. ஆகவேதான் சுவரோவியத்தைப் பதிவு செய்வது என்பது புகைப்படம் எடுப்பதோடு முடிவதன்று என்கிறேன். யார் தீட்டியது, எத்திட்டத்தில், என்ன ஊதியத்தில், எந்த முறையில், உருவங்கள் யார் யார், அன்றைய மக்கள் என்ன சொன்னார்கள், பின்னர் என்ன நடந்தது என்ற யாவும் ஒருங்கே எழுதப்பட்டால்தான் அது பதிவு.

பிழையைச் சுரண்டலாமா?

பதிவு செய்து காப்பதற்கு எதிரான வலுவான வாதம் ஒன்று உண்டு. பொதுச் சுவரில் உள்ள ஓவியம் மக்களில் ஒரு பகுதியினரைப் புண்படுத்துமானால், அதை ஏன் காக்க வேண்டும்? இவ்வாதம் அற்பமானதன்று.

1953-ல், சான் பிரான்ஸிஸ்கோவின் ரின்கான் அஞ்சலகத்தில் ஆண்டன் ரெஃப்ரிஜியர் தீட்டிய 27 பலகங்களை அகற்ற வேண்டுமென்று அமெரிக்கக் காங்கிரசில் தீர்மானம் வந்தது. வேலைநிறுத்தத்தையும் சீனர்மேல் நடந்த தாக்குதலையும் காட்டியது நாட்டுக்கு அவமதிப்பு என்பது புகார். ஊர் மக்களும் கலைக்கூடத்தாரும் எதிர்த்து நின்றதால் ஓவியங்கள் தப்பின. அங்கே வலியவர் தமக்குக் கசந்த உண்மையை மறைக்க விரும்பினர்.

அதே நகரில் 2019-ல் எழுந்த வழக்கு வேறு வகை. ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் அர்னாட்டாஃப் 1936-ல் தீட்டிய ஓவியத்தில் அடிமைகளான கறுப்பரும், இறந்து கிடக்கும் செவ்விந்தியர் ஒருவரும் உண்டு. நாட்டின் முதல் தலைவர் அடிமைகளை உடையவர் என்பதைக் கண்டிக்கவே ஓவியர் அவ்வாறு தீட்டினார். ஆயினும், நாள்தோறும் அப்படிக்கட்டில் ஏறும் சிறுவர் தம் இனத்தார் அடிமையாகவும் பிணமாகவும் கிடப்பதையே காண வேண்டுமா என்று அக்குலத்துப் பெற்றோர் கேட்டதில் நியாயம் உண்டு. பள்ளிக் குழு முதலில் பூசி அழிக்கவும், பின்னர் பலகையால் மறைக்கவும் முடிவு செய்தது. 2021-ல் நீதிமன்றம் அம்முடிவைத் தள்ளிற்று. 2022-ல் குழுவே அதைக் கைவிட்டது.

இவ்விவாதத்துக்கு அப்பள்ளியே முன்னர் ஒரு விடை கண்டிருந்தது. மாணவர் கோரிக்கையின்மேல், டூயி கிரம்ப்ளர் என்னும் கறுப்பின ஓவியர் 1974-ல் அங்கேயே மறுமொழியாக வேறு ஓவியங்களைத் தீட்டினார். அவர்தாம் 2019-ல் பழைய ஓவியத்தை அழிக்கலாகாது என்றும் வாதாடினார். இதுவே நேரிய முறை என்பது என் துணிபு. நம் கணக்குப் புத்தகத்தில் தவறான பதிவு இருந்தால் என் போன்ற ஆய்வாளர் என்ன சொல்கிறோம்? சுரண்டாதீர், வெள்ளை பூசாதீர், தாளைக் கிழிக்காதீர், தேதியிட்டுத் திருத்தப் பதிவு எழுதுங்கள் என்கிறோம். சுரண்டிய ஏட்டை எவரும் நம்பார். பழைய பதிவும் திருத்தமும் பக்கத்தில் பக்கம் இருந்தால், யார் எப்போது ஏன் திருத்தினார் என்பது பேரனுக்கும் விளங்கும்.

நூலுக்கும் ஏடு உண்டு

அதே கலைத் திட்டத்தில் நெசவாளர் நினைவில் வைக்கத்தக்க மற்றொரு வேலையும் நடந்தது. அமெரிக்க வடிவங்களின் தொகுதி என்னும் அதில், வேலையற்ற ஓவியர்கள் நாட்டுப்புற மக்கள் கையால் செய்த பொருள்களைப் பார்த்து நீர்வண்ணத்தில் அப்படியே வரைந்தனர். தறியில் நெய்த விரிப்பு, ஒட்டுத்துணி மெத்தை விரிப்பு, நாற்காலி, மண்கலம் என 18,000-க்கும் மேற்பட்ட படங்கள் இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளன. பல மூலப்பொருள்கள் மங்கலாம், மக்கிப் போகலாம். அவற்றின் வடிவம் இருக்கும்.

இதைக் கருதித் தொடங்கியவர்களில் ஒருவரும், தொடக்கத்தில் பொறுப்பேற்றவரும் ரூத் ரீவ்ஸ் என்னும் துணி வடிவமைப்பாளர். அந்த அம்மையார் 1956-ல் இந்தியா வந்து, இங்கேயே தங்கி, நம் கைவினைகளைப் பதிவு செய்வதில் ஈடுபட்டு, 1966-ல் புது டில்லியில் காலமானார். 1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெறும் தலைக்கணக்கோடு நில்லாமல் கைத்தொழில் ஆய்வுகளையும் மேற்கொண்டபோது, அவர் ஆலோசகராக உதவினார். அவ்வரிசையில் அன்றைய சென்னை மாநிலத் தொழில்களும் ஆராயப்பட்டன. பெருமந்த கால அமெரிக்காவில் பழகிய ஒரு பழக்கம், இவ்வாறு நம் நாட்டு ஏடுகளிலும் தடம் பதித்தது.

அப்பழக்கத்தை நாம் தொடர்வதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. சங்கத்தில் பழைய கரைக்கான வரைகட்டத் தாள்கள் உண்டு. ஜக்கார்டு அட்டைகள் உண்டு. கட்டடத் திறப்பு நாளின் புகைப்படம் உண்டு. சுவரில் எவரோ தீட்டிய காந்தியடிகளும் கைராட்டையும் உண்டு. இவை தளவாடப் பதிவேட்டில் ஏறுவதில்லை, விலை மதிப்பு இல்லை என்பதால். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, செய்தவர் பெயர், ஆண்டு, செலவு, இன்றைய நிலை ஆகிய நான்கையும் எழுதுங்கள். முதிய அங்கத்தினரைக் கேட்டு எழுதுங்கள்; அவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள். நஷ்டத்தில் முடிந்த முயற்சியையும் மறைக்காது எழுதுங்கள். வெள்ளையடிக்கும் ஆள் சுண்ணாம்பு வாளியோடு வருவதற்குமுன், நிர்வாகக் குழு அந்தப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

பங்குத் தொகையை எழுதி வைப்பது சட்டம். உழைத்தவன் பெயரை எழுதி வைப்பது நன்றி. அடுத்த பொதுப் பேரவைக் கூட்டத்தில் இவ்விரண்டாவது ஏட்டைத் தொடங்கத் தீர்மானம் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.